டூப்ளிகேட் ரைட்டர்

நூற்றுப் பன்னிரண்டு பேர் காப்பித் தோட்டத்தில் உழைத்துத் தீர்த்த காலத்தின் விலை முந்நூற்று எழுபது ரூபாய். இது நான் வைத்த விலை இல்லை. நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் மிளகு வாங்கி விற்பவன். செவ்வாய்ப்பேட்டை மண்டியில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன். எந்தச் சரக்குக்கும் வாய் கூசாமல் ஒரு விலை சொல்லி, வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து இன்னொரு விலைக்கு இறங்கத் தெரியும். எனக்கே இந்த விலையைச் சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னவர் சேலத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற வெங்கடாசலம். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம், கொட்டச்சேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரிய எஸ்டேட்டை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பழம் பறிப்பு முடிந்து, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக்கு மூங்கில் ஏணி சாத்துகிற நேரம். தோட்டம் கைமாறினால் பழைய ஆட்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் கூலி. தோட்டத்து வாய்க்கு அது கிராச்சுட்டி. இருநூற்று நாற்பது நாள் வந்திருந்தால்தான் அது வருஷம். ஒரு நாள் குறைந்தாலும் அந்த வருஷம் பழம் பறித்தவள் மலையில் இருந்ததாகவே கணக்கில்லை, அட்டை கடித்ததும் மழையில் நனைந்ததும் அவள் சொந்த விவகாரம்.

ஆள் வருகை எழுதிய செக்ரோல் புத்தகங்களைக் காட்டுங்கள் என்று சங்கத்து மாதையன் கேட்டார். கரையான் அரித்துவிட்டது என்றார் முதலாளியின் வக்கீல். எங்கள் மலைக் கரையானுக்குப் படிப்பு அதிகம். எஸ்டேட் பங்களாவில் சுவரில் மாட்டியிருந்த புலித்தோலை விட்டுவிட்டு, கூலிக்காரன் கையெழுத்து இருக்கிற தாளாகப் பார்த்துத் தின்றிருந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மாதம் இழுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள், யார் யாருக்கு வருஷவாரியாகச் சங்கம் நாள் கணக்குக் கொடுக்கிறதோ அவர்களுக்கு முதலாளி பணம் கட்டுவார். மற்றவர்கள் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். தனி வழக்கு என்றால் என்ன என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். பேரன் போய்த் தீர்ப்பு வாங்கி வருவான்.

கணக்கு கொடுக்க முடியாது என்று முதலாளி பக்கம் நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் மறந்துபோனது ரைட்டர் சின்னத்தம்பியை.

சின்னத்தம்பி அந்த எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் ரைட்டர். தினம் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு எழுதுவார். கார்பன் வைத்து எழுதினால் இரண்டு பிரதி விழும். மேல் தாள் ஒரிஜினல். அது மாதம் முடிந்ததும் கீழே கம்பெனி ஆபீசுக்குப் போய்விடும். போன இடத்தில் அது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இருபத்தேழு நாள் இருபத்துநாலாகும், பெரியாள் கூலி சின்னாள் கூலியாகும். அடித்தாள் டூப்ளிகேட், அது ரைட்டரிடம் நிற்கும். எழுபத்தேழிலும் எண்பத்தாறிலும் போனஸ் தகராறு வந்தபோது இந்த டூப்ளிகேட்டைக் காட்டித்தான் ஆட்கள் காசு வாங்கினார்கள். அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் டூப்ளிகேட் என்றால் மாறாதது, நம்பலாம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவன் நல்ல பையனா என்று கேட்டால், 'டூப்ளிகேட்டாட்டம் இருக்கான்' என்பார்கள். சின்னத்தம்பிக்கே அந்தப் பேர்தான், டூப்ளிகேட் ரைட்டர். கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார்.

இருபத்தாறு வருஷத்து டூப்ளிகேட்டும் அவர் வீட்டில் நான்கு தகரப் பெட்டியில் இருந்தன. ஈரத்துக்குப் பயந்து பெட்டிகளை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார் அவர் பெண்சாதி தங்கம்மா. அவளும் அந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் பழம் பறித்தவள். அவருக்கு முன்னால் இருந்த ரைட்டரிடமிருந்தும் ஐந்து வருஷப் புத்தகத்தைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு பேர், முப்பது வருஷம், மாதம் ஒரு புத்தகம். கையால் கூட்டினால் ஆடி வந்துவிடும். அவர்கள் மகள் ராசாத்தி சேலத்தில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். "நான் அடிக்கறேன், அதுவே கூட்டிக்கும்" என்றாள். தங்கம்மாவின் பி.எஃப். பணம் இருபத்தேழாயிரம் வந்திருந்தது. என் கடைக்குப் பக்கத்து அறையை முந்நூறு ரூபாய் வாடகைக்குப் பிடித்து, மாசி மாதம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இந்த வேலை முடிந்ததும் அதே அறையில் டைப்பிங் சென்டர் நடத்துவதாகத் திட்டம். மாரமங்கலம் பஸ்ஸில், பெரிய பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சின்னத்தம்பி. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டதற்கு, "கொளந்தைக்கு டிக்கெட் உண்டுங்களா?" என்றாராம்.

இரண்டு மாதம் அந்த அறையில் நடந்த வேலையை நான் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். மிளகைச் சலிக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வரும்.

"எளுவத்தொம்போது ஆவணி. கண்ணாயி, இருவத்தி நாலு."

அடுப்பு அந்த அறையின் பின்கட்டில். அங்கிருந்து தங்கம்மா: "இருவத்தி நாலா? அந்த மாசம் அவளுக்குப் பிள்ள பொறந்துச்சு. பத்து நாளு வந்திருந்தா பெருசு."

"அவ புருசன் வந்தான். அவ பேருக்குப் போட்டேன்."

"அப்ப அது பொய்க் கணக்கு."

"ஏன், கவாத்து அடிச்ச செடி பொய்யா? வேல நடந்துச்சா இல்லியா?"

"எனக்குக் காச்ச வந்து படுத்திருந்தேனே, அப்ப யாரு பேருக்கு யாரெப் போட்டீங்க?"

"உனக்கு லீவு போட்டேன். ரைட்டர் பொண்டாட்டிக்கு ஓசி நாளுன்னு ஊரு பேசுமல்லோ."

"பேசட்டும்னு உட வேண்டியதுதான். பதினஞ்சு நாளு போச்சு."

"ரெண்டு பேரும் சித்தெ சும்மா இருக்கீங்களா?" இது ராசாத்தி. "கண்ணாயிக்கு நாப்பத்திரெண்டுன்னு அடிச்சுட்டேன்."

"மாசத்துக்கு ஏது கண்ணு நாப்பத்திரெண்டு நாளு?"

"உங்க சண்டையையும் சேத்துக் கூட்டிருச்சு."

தோட்டத்து ஆட்கள் சந்தைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அறை வாசலில் நிற்பார்கள். உள்ளே வர மாட்டார்கள். கண்ணாடித் திரையில் தங்கள் பேர் வந்ததா என்று எட்டிப் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருதாயி, "என்ற பேரு எங்க கண்ணு?" என்று கேட்டு, ராசாத்தி காட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சூடாக் கெடக்குது" என்றாள். களியும் கீரையும் தூக்கில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வெல்லம் போட்ட காப்பி என் கடைக்கும் வரும்.

எஸ்டேட்டில் பத்து லயன், ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிய வீடுகள். லயனுக்கு ஒரு பிளாப்பி என்று பத்துத் தகட்டில் ராசாத்தி கணக்கைப் பதித்து வைத்துக்கொண்டே வந்தாள். கரண்டு ஏறி இறங்கும் என்று ஸ்டெபிலைசரும் போட்டிருந்தாள். பேப்பர் செலவுக்குப் பயந்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாக அச்சடிக்கலாம் என்று வைத்திருந்தாள். அவள் செய்த கஞ்சத்தனம் அது ஒன்றுதான். கஷ்டப்பட்டவர்கள் பேப்பரில் மிச்சம் பிடிப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி, திங்கட்கிழமை. பகல் மூன்று மணிக்குப் பூ மழை இறங்கியது. பங்குனி சித்திரையில் இந்த மழை விழுந்தால்தான் காப்பிச் செடி பூக்கும். பெய்தால் ஒண்டிக்கடையே சிரிக்கும், முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும். நானும் கதவைத் திறந்து வைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. மூன்றாம் முறை வந்தபோது பல்பு மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகக் கண் கூசியது. பக்கத்து அறையில் 'டப்'பென்று ஒரு சத்தம். அடிப்பிடித்த களியின் வாடை வந்தது.

"அப்பா, கைய எடுங்க, தொடாதீங்க!" என்று ராசாத்தி கத்தினாள்.

ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிற லூர்துராஜ் இரண்டு கடை தள்ளி இருந்தான். குடையில்லாமல் ஓடி வந்தான். திருப்புளியால் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, உள்ளே கரண்டு முதலில் வந்து சேருகிற தகரப் பெட்டியை வெளியே எடுத்தான். சப்ளை பெட்டி என்பான் அதை. வீட்டுக் கரண்டைச் சின்னக் கரண்டாக மாற்றி மற்ற சாமான்களுக்குப் பங்கு வைப்பது அதுதான். எடுத்தவன் அதைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னிடம் கொடுத்தான்.

"நீங்க எடை போடறவரு, சொல்லுங்க."

காலி டப்பா மாதிரி இருந்தது. ஈர மிளகையும் காய்ந்த மிளகையும் கையிலேயே பிரிக்கிறவன் நான். எடை இல்லாத சரக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

லூர்துராஜ் அதையும் திறந்தான். "இங்க பாருங்க. கரண்டு முட்டிக்கிட்டு வந்தா தடுக்கறதுக்கு இந்த எடத்துல ரெண்டு காயில் இருக்கணும். எடம் உட்டிருக்கான், பேரும் எளுதியிருக்கான், காயில் மட்டும் இல்லே. வெறுங்கம்பிய வளெச்சுப் பத்த வெச்சிருக்கான். ஸ்டெபிலைசரத் தாண்டி வந்த கரண்டு நேரா உள்ள போயிருக்குது. போர்டு போச்சு, கணக்கு பதிஞ்சிருந்த ஹார்ட் டிஸ்க்கு போச்சு." திருப்பி லேபிளைப் பார்த்தான். "மேல ஒட்டுனது மட்டும் கம்பெனியாட்டம். டூப்ளிகேட்டுங்க இது."

சின்னத்தம்பியின் முகம் தெளிந்தது. "ஆமா, டூப்ளிகேட்டுத்தான்" என்றார். "நான்தான் கேட்டு வாங்குனேன்."

லூர்துராஜ் என்னைப் பார்த்தான். நான் ராசாத்தியைப் பார்த்தேன்.

"யாருப்பா உங்களெ டூப்ளிகேட் கேக்கச் சொன்னா? நான்தான் ஒவ்வொண்ணும் கம்பெனி பேரு போட்டு எளுதிக் குடுத்தேனே."

"எளுதுனதெத்தான் கண்ணு நீட்டுனேன். நீ அக்கட்டால டி.வி.ப் பெட்டிய பாத்துக்கிட்டிருந்தே. அவரு கேட்டாரு, இதுல ஒரிஜினல் தரட்டுமா, டூப்ளிகேட் தரட்டுமான்னு. ஒரிஜினல் நமக்கெதுக்கு? அது ஆபீசுக்குப் போறது. நம்ம கையில நிக்கறது டூப்ளிகேட்டு. டூப்ளிகேட்டே குடுங்கன்னேன். ஒரிஜினல் தொள்ளாயிரத்தி இருவது, டூப்ளிகேட் ஐநூத்தம்பதுதான்னாரு. நம்மளாட்டம் இருக்கறவங்களுக்காவ வெலயக் கொறச்சு வெச்சிருக்காங்க, நாயமான மனுசன்னு நெனச்சேன்."

"அய்யோ அப்பா."

"அவருகிட்ட வெவரமாச் சொன்னனே! நம்ம தோட்டத்துல ஒரிஜினல்ல எப்படிக் கைவெப்பாங்க, டூப்ளிகேட்டு எப்படி நம்மளெக் காப்பாத்துச்சுன்னு எல்லாம் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டாரு. சிரிச்சாரு. அப்ப பிளாப்பியும் டூப்ளிகேட்டாவே போட்டுறட்டுமான்னு அவராத்தான் கேட்டாரு."

தங்கம்மா பின்கட்டிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையில் கை துடைத்தாள்.

"சொன்னீங்களா? பூராவும் சொன்னீங்களா அவருகிட்ட?"

"பூராவும் சொன்னேன்."

"அப்ப அந்தாளுக்குத் தெரிஞ்சுருக்குது" என்றாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போனோம். பேரம் பேசத் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை முழுக்க லூர்துராஜ் அந்த ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டிப் பார்த்துக் கைவிட்டிருந்தான். சின்னத்தம்பி மடியில் அந்தச் சப்ளை பெட்டி. ராசாத்தி மடியில் பத்து பிளாப்பி. தங்கம்மா இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெங்கடாசலம் எங்களை உட்காரச் சொன்னார். டீ சொன்னார். டீ வாங்கிக் கொடுக்கிற கடைக்காரன் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டான் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்வேன்.

"டூப்ளிகேட்டுக்கு வாரண்டி இல்லீங்களே பெரியவரே. பில்லுலயே போட்டிருக்கேன் பாருங்க."

பில்லில் போட்டிருந்தது. 'டூப்.' என்று. அதைச் சின்னத்தம்பி பெருமையாக பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

"ஏனுங்க, நான் கம்பெனி பேரு எளுதிக் குடுத்தேன்" என்றாள் ராசாத்தி.

"எளுதினது நீ. காசு குடுத்தது அவரு. அவரு வாயால கேட்டாரு, நான் குடுத்தேன். கேக்காததெக் குடுத்தா தப்பும்பீங்க, கேட்டதெக் குடுத்தாலும் தப்பும்பீங்களா தங்கச்சி?"

"காயில் இல்லாம வித்திருக்கீங்க."

"ஐநூத்தம்பதுக்குக் காயில் வேற வெக்கணுமா?"

நான் என் வித்தையை எடுத்தேன். பழைய வாடிக்கை, பெரிய மண்டி, எனக்குத் தெரிந்த நாலு பேர் பெயர் எல்லாம் சொன்னேன். சத்தம் போட்டேன். குரலைத் தாழ்த்தினேன். எழுந்து போவது போல வாசல் வரைக்கும் போனேன். அவர் கூப்பிடவில்லை. கடைசியில், "ஒங்களுக்காக ஒண்ணு செய்யறேன்" என்றார். நல்ல சப்ளை பெட்டி தொள்ளாயிரத்து இருபது, அதில் பழசுக்கு ஐம்பது கழித்துக்கொள்வார். போர்டு நாலாயிரம். ஹார்ட் டிஸ்க் ஆறாயிரத்து ஐநூறு. "அன்னிக்கே முந்நூத்தி எளுவது கூடப் போட்டிருந்தா இவ்வளவும் மிச்சம்" என்று எங்களுக்குப் புத்தியும் சொன்னார். அந்த விலை அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

தங்கம்மா டீயைத் தொடவில்லை. தம்ளரை மேசை மேல் நகர்த்தி வைத்தாள்.

"ஏனுங்க மொதலாளி. எங்கூட்டுக்காரரு டூப்ளிகேட்டுன்னா என்னான்னு உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

"சொன்னாரும்மா. நொம்ப நல்லாச் சொல்வாரு."

"இவரு வேற எதையோ நெனச்சுக் கேக்கறாருன்னு அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா இல்லீங்களா?"

வெங்கடாசலம் சிரித்தார். "வாங்கறவங்க மனசுல இருக்கறதுக்கெல்லாம் வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தா நான் எப்பங்க யாவாரம் பண்றது?"

"தெரிஞ்சுதா இல்லியா, அது ஒண்ணு சொல்லுங்க."

அவர் டீக்காரனுக்குச் சில்லறை தேடினார்.

எனக்குத் தலை குனிந்தது. எங்கள் மண்டியில் ஓர் ஏற்பாடு உண்டு. விற்கிறவன் பொய் சொன்னால்தான் பாவம், வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவமில்லை. அப்பா எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். மிளகில் பப்பாளி விதை கலந்தவரில்லை அவர். கலந்தவரிடம் வாங்கி, கேட்காதவர்களுக்கு விற்றவர். அந்த ஏற்பாட்டின்படி வெங்கடாசலத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால், எங்கள் மண்டியில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு வைக்க லாயக்கில்லை.

பிளாப்பிகளையாவது போட்டுப் பார்க்கச் சொன்னாள் ராசாத்தி. தகட்டுக்கு இருபது ரூபாய் என்றார். அவர் விற்ற தகடு, அவர் கடையில் திறந்து பார்க்க இருபது ரூபாய். கொடுத்தோம். இரண்டு மாத மலை ஈரத்தில் ஆறு தகட்டுக்குள் பூஞ்சை பூத்திருந்தது, வெள்ளையாக, அழகாக. நான்கு திறந்தன. ஒன்றாம் லயன், மூன்று, நான்கு, எட்டு. நாற்பத்தாறு பேர். பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வைத்து அச்சடித்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது ஒரு கல்லூரி வாத்தியார் கம்ப்யூட்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். ராசாத்தி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இங்க டூப்ளிகேட் வாங்காதீங்க. உள்ள காயில் இருக்காது. எங்க நூத்திப் பன்னெண்டு பேரு கணக்கு எரிஞ்சு போச்சு."

அவர் பொறுமையாகக் கேட்டார். த்சொ என்றார். அவள் படியிறங்கியதும் கடைக்காரர் பக்கம் திரும்பி, "டூப்ளிகேட்னா எவ்வளவு வருங்க?" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் சின்னத்தம்பி பெண்சாதியைக் கேட்டார். "என்னய ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?"

"உங்கள என்னத்தச் சொல்றது? இருவத்தாறு வருசம் மொதலாளிங்க ஒரிஜினல யோக்கியமா வெச்சிருந்தா, நீங்க ஏன் டூப்ளிகேட்டெ நம்பறீங்க?"

மீதி அறுபத்தாறு பேர். கையில் வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள். தகரப் பெட்டிகள் மறுபடி இறங்கின. நானும் லூர்துராஜும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தோம். மாதையன் சங்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பினார். ஆனால் ஆள் சேர்ந்து என்ன? கார்பன் எழுத்து மங்கிப்போயிருந்தது. எங்களுக்கு அது நீலப் புகை. சின்னத்தம்பியின் கண்ணுக்கு மட்டும்தான் எழுத்து. ஐந்து பேர் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாயையே பார்த்தோம். ஒரு ஆளுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல் புரட்ட வேண்டும். காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்கு இரண்டு பேர் முடிவார்கள். சாமைச் சோறும் கொள்ளு ரசமும் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தால், வெளிச்சம் இறங்குவதற்குள் இன்னும் நாலு பேர். சனிக்கிழமை அவர் தொண்டை கட்டிக்கொண்டது. தங்கம்மா மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். மிளகு என் கடையது. நானே பொறுக்கி எடுத்தது.

யாருடையதை முதலில் எழுதுவது என்று வெள்ளிக்கிழமையே பேச்சு வந்தது.

"அம்மாது மொதல்ல எடுங்க" என்றாள் ராசாத்தி. "அவங்க பணத்துலதான் இத்தனையும்."

"எடுக்காதீங்க" என்றாள் தங்கம்மா. "ரைட்டர் ஊடு தன்னுதெ எளுதிக்கிட்டு ஊருதெ உட்டுருச்சும்பாங்க."

"யாரும்மா சொல்லுவாங்க?"

"நான் சொல்லுவேன், வேற எவளாச்சும் அப்படிச் செஞ்சிருந்தா. வயசானதுங்களெ எளுதுங்க. மருதாயிக்குக் கண்ணு தெரியல. ஆராயி புருசன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். என்னுது ஆறாம் லயன். ஆறாம் லயன் மொறை வரப்ப வரட்டும்."

"மொறை வராதும்மா. நான் கணக்குப் போட்டுட்டேன். நாளுக்கு ஆறு பேருதான் ஆவுது."

"அப்ப வராது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ராசாத்தி பேனாவைத் தரையில் எறிந்தாள். "முந்நூத்தி எளுவது ரூவா! என்ற வளையல் கழட்டிக் குடுத்திருப்பனே, அந்தாளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. பெரியவரே, நீங்க நெனக்கறது வேற, இது வேறன்னு ஒரே ஒரு வார்த்தை. வாய்க்கு என்ன கேடு?" சின்னத்தம்பி குனிந்து பேனாவை எடுத்து, நிப்பைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"எம்பத்திரெண்டு தை" என்றார். "ஆராயி, இருவத்தஞ்சு."

இருபத்தெட்டாம் தேதி காலை நாங்கள் மலை இறங்கியபோது தோட்டமெல்லாம் பூத்திருந்தது. எட்டு நாள் முன்னால் பெய்த மழைக்குப் பழுதில்லை. பஸ்ஸுக்குள் மல்லிகை மாதிரி வாசனை. பஸ்ஸில் இருந்தவர்கள் இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று பேசிக்கொண்டார்கள். யார் விளைச்சல் என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் முதலாளியின் வக்கீல் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அச்சடித்த தாளும் கையெழுத்துத் தாளும் கலந்த கட்டை மாதையன் மேசை மேல் வைத்ததும் வக்கீலின் முகம் மாறியது. ஒரு தாளும் வராது என்று நினைத்திருந்தார் போல. ஒவ்வொன்றாகப் புரட்டினார். கையால் எழுதியதை ஏற்க முடியாது என்றார். அச்சடித்தது கம்ப்யூட்டர் கணக்கு, அதையும் நம்ப முடியாது என்றார். ஆபீசர் நல்ல மனிதர், அவரை வாயை மூடச் சொன்னார். டூப்ளிகேட் புத்தகங்கள் நான்கு பெட்டியையும் திறந்து, பத்துப் பதினைந்து பேருக்கு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"மத்தவங்களுக்கு?" என்றார்.

"சார், புஸ்தகம் பூராவும் இங்கதான் இருக்குது. கூட்டறதுக்குத்தான் நாளு பத்தல" என்றாள் ராசாத்தி. "ஒரு வாரம் குடுங்க. கை ஒடிஞ்சாலும் எளுதிக் குடுத்துடறேன்."

ஆபீசர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஒப்பந்தத்தை எடுத்து, பன்னிரண்டு மணி என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால்.

"நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மிச்சப் பேரு தனியாப் போட்டுக்கட்டும்."

தங்கம்மா முன்னால் வந்தாள். முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் ஆபீஸ் மேசைக்கு முன்னால் செருப்பில்லாமல்தான் நின்றிருந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நான்கு பெட்டிகளையும் மூடினாள். கொண்டியை மாட்டினாள். ஒன்றைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஆட்கள் காத்திருந்தார்கள். பணம் வரப்போகிறவர்கள் சந்தோஷத்தைக் காட்ட முடியாமலும், வராதவர்கள் கேட்க முடியாமலும் நின்றார்கள். மருதாயி மட்டும் ராசாத்தியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சின்னத்தம்பி, மாதையன் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். காலையில் பேர் கூப்பிடுகிற அதே குரலில், கட்டிய தொண்டையோடு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஆள் நூற்றுப் பன்னிரண்டு.

தகட்டில் வந்தது நாற்பத்தாறு. கையால் எழுதியது முப்பத்தொன்று. ஆகக் கொடுத்தது எழுபத்தேழு.

இரண்டாம் லயன் நாலு. ஐந்தாம் லயன் ஏழு. ஆறாம் லயன், தங்கம்மா உள்பட, பதினொன்று. ஒன்பதாம் லயன் ஐந்து. பத்தாம் லயன் எட்டு.

பாக்கி முப்பத்தைந்து.